அந்த ஒற்றை த்ரெட் பில்டை விட்டுவையுங்கள்

பராமரிப்புக் குழுவினருக்கு,

ரஸ்ட் மொழியில் எழுதிய உங்கள் இயற்பியல் லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு) பற்றிப் போன வாரம் நீங்கள் போட்ட அறிவிப்பு மூன்றே வரி. அடுத்த பெரிய வெர்ஷனிலிருந்து பிரவுசருக்கான பில்டு, அதாவது கம்பைல் செய்த வடிவம், பல த்ரெட்களோடு (இணையாக ஓடும் வேலை இழைகளோடு) மட்டுமே வரும். ஒற்றை த்ரெட்டில் ஓடவைக்கும் ஃபீச்சர் ஃபிளாக், அதாவது பில்டு செய்யும்போது போட்டுக்கொள்ளும் தேர்வு, நீக்கப்படும். இதைப் பயன்படுத்துவோர் அநேகமாக யாருமில்லை. கீழே நான்கு பேர் கேள்வி கேட்டார்கள். இரண்டாம் நாள் உரையாடலைப் பூட்டிவிட்டீர்கள். ஐந்தாவதாகக் கேட்க வந்தவன் நான். எழுதிக்கொண்டிருக்கும்போதே பெட்டி மூடிக்கொண்டது. அந்தப் பெட்டிக்குள் எழுதியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் லைப்ரரியின் பெயரை நான் எங்கும் குறிப்பிடப் போவதில்லை. ரஸ்டில் இயற்பியல் சிமுலேஷன் எழுதுகிறவர்கள் ஊகித்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு அது தேவையுமில்லை. பெயரைப் போட்டால் ஒரு கூட்டம் கிளம்பி புகார்கள் எழுதும் உங்கள் இஷ்யூ பக்கத்தில் வந்து கத்தும். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க லைப்ரரியின் விவகாரத்தில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். தனியாளாக, களைத்துப்போய் ஒரு லைப்ரரியைத் தாங்கிக்கொண்டிருந்தவரை முகம் தெரியாத பெயர்கள் நெருக்கி, பொறுப்பைப் பங்கு போட வைத்தன. அதன் விளைவாக நுழைந்த பின்கதவை 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார், அதுவும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டதால். பராமரிப்பாளரைக் கூட்டம் சேர்த்து மிரட்டுவது எங்கே போய் முடியும் என்பதற்கு அதுவே போதும். எனவே இது மிரட்டல் அல்ல. ஆனால் பணிவு என்ற பேரில் சொல்ல வேண்டியதை விழுங்கவும் முடியவில்லை.

ஆறு வருடமாக உங்கள் லைப்ரரியின் மேல் சிறிய சிமுலேஷன்களைக் கட்டி, மூலநிரலோடு பொதுவில் வைத்து வருகிறேன். இதுவரை 14. இரட்டை ஊசல், கொட்டக் கொட்டச் சரியும் மணல் குவியல், கோள்களின் சுற்றுப்பாதை, ஒரே கதவு வழியாக வெளியேற முண்டும் கூட்டம் இப்படி. கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. இயற்பியலாளர் டிர்க் ஹெல்பிங்கும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட மாதிரியை வைத்து எழுதியது. ஒவ்வொருவரும் போக நினைக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு கதவருகே ஆட்கள் வளைவுபோல் இறுகி, மொத்தக் கூட்டமும் வெளியேற அதிக நேரம் பிடிக்கும். பதறாத காரியம் சிதறாது என்பதை ஒரு ஸ்லைடரை இழுத்துக் கண்ணால் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் உள்ள பொதுக்குணம், ஒவ்வொன்றும் ஒரு லிங்க் என்பதுதான். தொட்டால் ஓடும். நிறுவ எதுவுமில்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், பின்னால் சர்வர் கிடையாது. ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, ஒரு வாஸ்ம் கோப்பு (வெப்அசெம்பிளி: ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதியதைப் பிரவுசரில் ஓட்டும் வடிவம்). மூன்றையும் எங்காவது ஓர் இலவச இடத்தில் போட்டுவிட்டால் வருடக்கணக்கில் யாரும் தொட வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் இதை ஜாவாஸ்கிரிப்டிலேயேதான் எழுதினேன். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லிநொடி. துகள்கள் சில ஆயிரத்தைத் தாண்டியதும் பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும் குப்பை சேகரிப்பான் தனக்குத் தோன்றும்போது குறுக்கே வந்து அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஊசல் அழகாக ஆடிக்கொண்டே வந்து சட்டென்று விக்கும். பார்ப்பவர் அதை இயற்பியல் என்று நினைத்துக்கொள்வார், அதுதான் கொடுமை. ரஸ்டுக்கு வந்த காரணம் அந்த விக்கல்தான். மெமரி எங்கே இருக்கிறது, எப்போது விடுபடுகிறது என்பது என் கையில் இருக்கிறது. கணக்கும் எளிது. ஒரு துகளின் இடத்துக்கு இரண்டு எண், வேகத்துக்கு இரண்டு எண், ஒவ்வொன்றும் நான்கு பைட், ஆக 16. இருபதாயிரம் துகளுக்கு 3,20,000 பைட். வெப்அசெம்பிளி மெமரியின் ஒரு பக்கம் 64 கிலோபைட். ஐந்து பக்கத்தில் மொத்தக் கூட்டமும் உட்கார்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் எதையும் நகலெடுக்காமல் அதே மெமரியை நேராகப் பார்த்து வரைந்துகொள்ளும்.

பாடுபடாமல் கிடைத்துவிடவில்லை. முதல் நாளே நேரத்தைக் கேட்கும் இன்ஸ்டன்ட் நவ் வரியில் நிரல் செத்து விழுந்தது. அந்த டார்கெட்டில் (நிரலைக் கம்பைல் செய்யும் இலக்குத் தளத்தில்) கடிகாரமே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு நாள் துகள் எண்ணிக்கையைக் கூட்டியதும் திரை காலியாகிவிட்டது. பிழைச் செய்தி ஒன்றுமில்லை, ஃபிரேம் வேகமும் பிரமாதமாக இருந்தது. அரை நாள் தேடிய பிறகு பிடிபட்டது. ரஸ்ட் பக்கம் மெமரி வளர்ந்ததும், அதைப் பார்க்க ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருந்த பழைய ஜன்னல் அறுந்து அதன் நீளம் பூஜ்ஜியமாகியிருந்தது. பூஜ்ஜியம் துகள்களை அது மிக ஒழுங்காக, ஒரு ஃபிரேம்கூட விடாமல் வரைந்துகொண்டிருந்தது! இதையெல்லாம் சொல்வது புலம்புவதற்கு அல்ல. இந்த மேடு பள்ளங்களை எல்லாம் கடந்து, கடைசியில் ஒற்றை த்ரெட்டில் நம்பிக்கையாக ஓடும் ஒரு நிலையை உங்கள் லைப்ரரி எட்டியிருந்தது. நீங்கள் எடுத்துவிடப் போவது அதைத்தான்.

அடுத்த வெர்ஷனின் முன்னோட்டமான உங்கள் பீட்டாவை எடுத்து 14 சிமுலேஷன்களையும் மாற்றிப் பார்த்தேன். சொந்தக் கணினியில், நானே எழுதிய சின்ன சர்வரில், எல்லாம் ஓடின. வழக்கமான இடத்தில் ஏற்றினேன். பதினான்கும் வெள்ளைத் திரை. கன்சோலைத் திறந்தால் ஒரே வரி, ஷேர்டு அரே பஃபர் என்று ஒன்று இங்கே வரையறுக்கப்படவில்லை என்று.

காரணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் அறிவிப்பில் அதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லாததால் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறை வெளியே வந்ததும் பிரவுசர்கள் அவசர அவசரமாக முடக்கியவற்றில் ஒன்று த்ரெட்கள் மெமரியைப் பங்குபோட உதவும் அந்த ஷேர்டு அரே பஃபர். பிறகு அதை நிபந்தனையோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2020-இல் 79-ஆம் பதிப்பில் கொடுத்தது. குரோம் 2021-இல் 92-ஆம் பதிப்பிலிருந்து அதே நிபந்தனையைக் கட்டாயமாக்கியது. பக்கத்தை அனுப்பும் சர்வர் பக்கத்தோடு போகும் குறிப்பு வரிகளான ஹெடர்கள் இரண்டைச் சேர்த்து அனுப்ப வேண்டும், அந்தப் பக்கம் மற்ற தளங்களிலிருந்து தன்னைத் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும். சர்வர் உங்களுடையது என்றால் இது இரண்டு வரி வேலை. நான் கோப்புகளைப் போட்டு வைத்திருக்கும் இடத்தில் ஹெடரைத் தொடவே முடியாது. கோப்பைக் கொடுத்தால் அவர்கள் பரிமாறுவார்கள், அவ்வளவுதான் உறவு.

சர்வீஸ் ஒர்க்கர் (பக்கத்துக்கும் சர்வருக்கும் நடுவில் பிரவுசரில் ஓடும் சிறு நிரல்) வைத்து அந்த ஹெடர்களை ஒட்டி ஏமாற்றலாமே என்று உங்களில் ஒருவர் பூட்டுவதற்கு முன்பு எழுதியிருந்தார். செய்து பார்த்தேன். முதல் முறை திறந்ததும் பக்கம் தன்னைத்தானே மறுபடி ஏற்றிக்கொள்கிறது. இணைப்பு மெதுவாக இருந்தால் பார்ப்பவர் அதற்குள் போய்விடுகிறார். சர்வீஸ் ஒர்க்கரை அனுமதிக்காத அமைப்பில் திறந்தால் அதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொரு பக்கத்துக்குள் ஐஃபிரேம் என்ற சட்டகமாகப் பதித்து வைப்பதில் இருக்கிறது. பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை என் இரட்டை ஊசலைத் தன் பாடப் பக்கத்தின் நடுவில் ஐஃபிரேமாகப் பதித்து வைத்திருக்கிறார். மேலே இரண்டு பத்தி விளக்கம், நடுவில் ஊசல், கீழே ஐந்து கேள்வி. சோதனைக்காக அந்த ஒரு சிமுலேஷனை மட்டும் பீட்டாவுக்கு மாற்றி ஒரு வாரம் விட்டிருந்தேன். அவரிடமிருந்து வந்த மின்னஞ்சலில் இருந்தது இரண்டு வாக்கியம்: ஊசல் வரவில்லை, நான் ஏதாவது தவறாகச் செய்துவிட்டேனா? அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. உள்ளே இருக்கும் சட்டகத்துக்கு அந்தத் தனிமை கிடைக்க வேண்டுமானால், வெளியே இருக்கும் பக்கமும் அதே ஹெடர்களோடு தனிமைப்பட்டிருக்க வேண்டும். அதாவது என் ஊசல் ஆட வேண்டுமென்றால், அந்தப் பள்ளியின் பாடத் தளத்தை நடத்துகிறவர்கள் தங்கள் முழுத் தளத்தின் பாதுகாப்பு அமைப்பை மாற்ற வேண்டும், அதற்குள் வேறு எங்கிருந்தோ வரும் படமும் வீடியோவும் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் ஊசலுக்காக இதை யார் செய்வார்கள்? அன்று இரவே பழைய பில்டைத் திரும்பப் போட்டுவிட்டு, தவறு என்னுடையது என்று அவருக்கு எழுதினேன். அடுத்த பெரிய வெர்ஷன் வந்த பிறகு திரும்பப் போட, பராமரிப்பில் இருக்கும் பழைய பில்டு எதுவும் இருக்காது.

பில்டு செய்பவன் பக்கம் வருவோம். ரஸ்டோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி வாஸ்முக்கு அட்டாமிக்ஸ் (த்ரெட்கள் மோதாமல் மெமரியைப் பகிர உதவும் கட்டளைகள்) இல்லாமல்தான் முன்கூட்டியே கம்பைல் செய்யப்பட்டு வருகிறது. பல த்ரெட் வேண்டுமென்றால் அதையே நாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அதற்கு நைட்லி கம்பைலர், அதாவது தினமும் வெளிவரும் சோதனைப் பதிப்பு, வேண்டும். நேற்று ஓடிய நைட்லி இன்று ஓடாமல் போவதும், குறிப்பிட்ட தேதி நைட்லியைப் பிடித்து வைத்துக்கொண்டு தொங்குவதும் பழகியவர்களுக்குப் பழக்கம். ஆனால் என் சிமுலேஷன்களின் மூலநிரலை எடுத்து மாற்றிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ரஸ்டையே அப்போதுதான் முதன்முதலாக நிறுவுகிறார்கள். ஸ்டேபிள் கம்பைலர், இரண்டு கட்டளை, பிரவுசரில் பந்து துள்ளுகிறது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஒருவர் உள்ளே வருகிறார். நைட்லி என்றதும் பயந்து திரும்பிப் போவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

நிரலின் அமைப்பும் தலைகீழாகிறது. பிரவுசரின் முதன்மை த்ரெட் எதற்காகவும் தூங்கிக் காத்திருக்கக் கூடாது. மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) கிடைக்கவில்லை என்று அங்கே காத்திருக்கப் போனால் பிழை எறிந்துவிடும். எனவே சிமுலேஷனைப் பின்னணி த்ரெட்டான ஒர்க்கருக்கு நகர்த்தி, வரையும் பரப்பான கேன்வாஸையும் அதனிடம் ஒப்படைத்து, சுட்டியின் அசைவுகளைச் செய்தியாக அனுப்பி என்று எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். உங்கள் இடம்பெயர்வு வழிகாட்டியில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறது. எனக்கு 14 நிரல்.

இத்தனையும் எதற்காக? வேகத்துக்கு. நானூறு ஐந்நூறு பொருள் மோதிக்கொள்ளும் காட்சியில் நான்கு த்ரெட் பில்டு என் கணினியில் ஒற்றை த்ரெட்டைவிட மெதுவாகத்தான் ஓடியது. வேலையைப் பிரித்துக் கொடுத்துத் திரும்பச் சேர்ப்பதற்கே நேரம் போகிறது. பெரிய காட்சியிலும் கணக்கு நாம் நினைப்பதுபோல் வருவதில்லை. ஃபிரேமில் பாதி வேலை பிரிக்க முடியாதது என்றால், மீதியை நான்காகப் பிரித்தாலும் மொத்தத்தில் கிடைப்பது 1.6 மடங்கு. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இல் போட்ட கணக்கு இது, இன்றுவரை யாரும் அதை ஏமாற்றியதாகத் தெரியவில்லை. லட்சம் துகளை ஓட்டுகிறவர்களுக்கு அந்த 1.6 மடங்கு பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குக் கொடுங்கள். என்னிடமிருந்து பிடுங்கித்தான் கொடுக்க வேண்டுமா?

அடுத்து, எனக்கு இதைவிட முக்கியமான ஒன்று. தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும். 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து கூட்டினால் இரட்டைத் துல்லியத்தில் 0.6000000000000001 வரும். பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6. ஒரு ஃபிரேமுக்கு இது தூசு. இரட்டை ஊசலுக்குத் தூசு இல்லை. எட்வர்ட் லாரன்ஸ் 1961-இல் தன் வானிலை மாதிரியை நடுவிலிருந்து மறுபடி ஓட்டுவதற்காக 0.506127-க்குப் பதில் அச்சில் இருந்த 0.506-ஐக் கொடுத்துவிட்டுப் போய் வந்து பார்த்தபோது, முற்றிலும் வேறொரு வானிலை அச்சாகியிருந்தது. என் ஊசலிலும் அதே குணம் இருக்கிறது, அதைக் காட்டத்தான் அந்த ஊசலே.

இதில் நானே ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். கூட்ட நெரிசல் சிமுலேஷனில் தற்செயல் எண்களைத் தொடங்கி வைக்கும் ஒரு விதை எண் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே ஓட்டம் வர வேண்டும். ஒருவர் 42 கொடுத்து முட்டுக்கட்டை விழுவதைப் பார்த்ததாகவும், நண்பருக்கு அதே 42-இல் விழவில்லை என்றும் எழுதினார். நம்பவில்லை. பிரவுசருக்கு வெளியே, நேராகக் கணினியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினேன். இரண்டு விடை. மூன்று இரவு போயிற்று. பக்கத்தில் இருப்பவர்களைத் தேடுவதற்கான கட்டங்களை ஹாஷ்மேப் என்ற அட்டவணையில் வைத்திருந்தேன். ரஸ்டின் ஹாஷ்மேப் தாக்குதலுக்கு அஞ்சி ஒவ்வொரு முறையும் வேறு சாவியோடு பிறக்கும், அதனால் உள்ளே சுற்றிவரும் வரிசையும் ஒவ்வொரு முறை வேறு. விசைகளைக் கூட்டும் வரிசை மாறியது, கடைசி இலக்கம் மாறியது, சில நூறு படி கழித்துக் கூட்டமே வேறு பக்கம் சாய்ந்தது. எப்போதும் ஒரே வரிசையில் சுற்றிவரும் பிட்ரீமேப்புக்கு மாற்றியதும் சரியானது. அந்த ஹாஷ்மேப்பைப் பார்க்கச் சொல்லி வழிகாட்டியது உங்கள் குழுவில் ஒருவர்தான். விதை ஒன்றானால் ஓட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சிமுலேஷன் அல்ல, திரைக்காப்பான் என்று அவர் அன்று எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பல த்ரெட் பில்டில் அந்த வாக்குறுதிக்கு என்ன ஆகிறது? நான்கு த்ரெட் நான்கு பகுதித்தொகையைக் கொண்டுவருகின்றன. எது முதலில் வருகிறதோ அது முதலில் கூட்டப்படுகிறது. பீட்டாவின் மோதல் பகுதியில் இப்போது அப்படித்தான் இருக்கிறது, நிரலைப் படித்துவிட்டே சொல்கிறேன். இரண்டு த்ரெட் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எழுதும் டேட்டா ரேஸை ரஸ்ட் கம்பைலர் தடுத்துவிடும். யார் முதலில் வந்து சேர்வார் என்பதை அது தடுப்பதில்லை, அது அதன் வேலையுமில்லை. விதை 42 எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் என்று என் பக்கத்தில் எழுதியிருக்கும் வரியை நான் அழிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு ஃபீச்சர் ஃபிளாக் கூடினால் சோதிக்க வேண்டிய சேர்க்கை இரட்டிப்பாகும், ஐந்து ஃபிளாக் என்றால் 32. நிரலில் வரிக்கு வரி நிபந்தனை ஒட்டி, எது எந்த பில்டில் உயிரோடு இருக்கிறது என்று படிக்கிறவருக்கே தெரியாத நிலை வந்துவிட்டது. நள்ளிரவில் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு சேர்க்கையில் கம்பைல் ஆகவில்லை என்று வரும், நீங்கள்தான் எழுந்து பார்க்க வேண்டும். எம்ஐடி உரிமத்தில் உள்ளபடியே தருகிறோம் என்று எழுதியிருக்கிறது, சட்டப்படி எனக்கு நீங்கள் ஒரு பைட்கூடக் கடன்படவில்லை. நானும் ஒரு சின்ன கிரேட்டை, அதாவது ரஸ்ட் லைப்ரரியை, பராமரித்துப் பாதியில் கைவிட்டவன். கைவிட்ட நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் யாருமில்லை என்று சொன்னீர்களே, அதை எதை வைத்து எண்ணினீர்கள்? ரஸ்ட் லைப்ரரிகளை இறக்கிக்கொள்ளும் கிரேட்ஸ் தளத்தின் டவுன்லோட் எண்ணைத்தான் உங்களில் ஒருவர் ஆதாரமாகக் காட்டினார். அந்த எண்ணில் யார் எந்த ஃபீச்சரைப் போட்டுக் கம்பைல் செய்தார்கள் என்பது பதிவாவதே இல்லை. தானியங்கிச் சோதனை இயந்திரம் ஒரு நாளைக்குப் பத்துமுறை இறக்கினால் அது பத்து. நான் ஒருமுறை இறக்கி, பில்டு செய்து, லிங்காக வைத்துவிட்டால் அது ஒன்று. அதற்குப் பிறகு அந்த லிங்கைத் திறக்கிற ஒருவரும் உங்கள் கணக்கில் வருவதில்லை. அவர்களுக்கு ரஸ்ட் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது, உங்கள் லைப்ரரியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், இஷ்யூ எழுதவும் மாட்டார்கள். கட்டுகிறவர்களை எண்ணிவிட்டுத் திறக்கிறவர்கள் இல்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

முடிவெடுத்த விதமும் உறுத்துகிறது. உள்ளே ஒரு அழைப்பில் பேசிக்கொண்டீர்கள், வெளியே மூன்று வரி வந்தது, கேள்விக்குப் பூட்டு விழுந்தது. நாம் எல்லோரும் சோறு தின்னும் அதே மொழியின் சமூகம் ஒரு முன்மொழிவை ஏற்பதற்கு முன் கடைசிக் கருத்துக் காலம் என்று பத்து நாள் விடுகிறது. 2015 எடிஷனில் எழுதிய நிரல் 2024 எடிஷன் வந்த பிறகும் கம்பைல் ஆகிறது. டார்கெட்களை மூன்று அடுக்காக வைத்திருக்கிறார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் வாஸ்ம் டார்கெட்டே இரண்டாம் அடுக்குதான், அதாவது பில்டு ஆவதற்கு உத்தரவாதம் உண்டு, சோதனைகள் அத்தனையும் ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. உறுதியைக் குறைத்துக்கொள்வதற்கும் ஒரேயடியாக வெட்டிவிடுவதற்கும் நடுவில் இத்தனை படி இருக்கிறது என்று இந்தச் சமூகத்துக்கு ஏற்கனவே தெரியும். த்ரெட் கிடைக்காத இடத்தில் இருக்கிற ஒரே த்ரெட்டில் அமைதியாக ஓடிக்கொள்வது ரஸ்டில் வேலையைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரேயான் லைப்ரரியே செய்கிற காரியம்.

ஃபோர்க் செய்துகொள்ளுங்கள், அதாவது நகலெடுத்துத் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வரும். வந்தும் விட்டது. செய்யலாம்தான். ஆனால் உங்கள் வெக்டரும் ஃபோர்க்கின் வெக்டரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் கம்பைலருக்கு அவை இரண்டு வெவ்வேறு டைப். உங்கள் லைப்ரரியை நம்பி எழுதப்பட்ட வரைகலை கிரேட், கோப்பு படிக்கும் கிரேட், துணி அசைவு கிரேட் எதுவும் ஃபோர்க்கோடு சேராது. ஒன்றை ஃபோர்க் செய்தால் ஆறை ஃபோர்க் செய்ய வேண்டும். வேறொருவரின் டைப்புக்கு வேறொருவரின் டிரெய்ட்டை (ஒரு டைப் செய்ய வேண்டியவற்றின் வரையறையை) நடுவில் நான் எழுதிக் கொடுத்துச் சமாளிக்கவும் மொழியின் விதி விடாது. உங்களைவிடச் சின்னக் கையால் உங்களைவிடப் பெரிய சுமையைத் தூக்கு என்பதுதான் அந்தப் பதிலின் பொருள்.

நான் கேட்பவை இவை.

அந்த ஃபீச்சர் ஃபிளாகை அடுத்த பெரிய வெர்ஷனில் நீக்காதீர்கள். இயல்பாக அணைத்து வையுங்கள், இரண்டாந்தர ஆதரவு என்று ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுங்கள், அது உடைந்தால் வெளியீடு அதற்காக நிற்காது என்றும் எழுதுங்கள். எனக்குச் சம்மதம். அதன் சோதனையை உங்கள் தலையில் கட்டவில்லை. ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவாகும் நிரல் மாற்றத்துக்கும்) ஸ்டேபிள் கம்பைலரில் ஒற்றை த்ரெட் வாஸ்ம் பில்டு எடுத்து, என் 14 சிமுலேஷன்களையும் திரை இல்லாமல் ஓடும் தலையில்லாப் பிரவுசரில் ஆயிரம் படி ஓட்டிப் பார்க்கும் பணியைத் தனி ரெப்போவில் அமைத்து வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக ஓடுகிறது. உடைந்தால் முதலில் எனக்குத்தான் செய்தி வரும், திருத்தத்தோடு உங்களிடம் வருவேன். இன்னும் ஒருவர் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் கமிட் உரிமை வேண்டாம். புல் ரெக்வெஸ்டை (நாங்கள் அனுப்பும் நிரல் மாற்றத்தை) ஒரு வாரத்துக்குள் பார்ப்போம் என்ற ஒரு சொல் போதும். இருவரும் மூன்று மாதம் பதிலளிக்காமல் போனால் ஃபிளாகை நீக்குங்கள், அதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பல த்ரெட் பில்டிலும் மோதல் விசைகளை நிலையான வரிசையில் கூட்டும் ஒரு தேர்வைக் கொடுங்கள். பகுதித்தொகைகளை வந்த வரிசையில் கூட்டாமல் எண் வரிசையில் கூட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். துண்டுகளின் எண்ணிக்கையை த்ரெட் எண்ணிக்கையோடு கட்டாமல் நிலையாக வைத்தால் மீதியும் தீரும். கொஞ்சம் மெதுவாகும், வேண்டியவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

பூட்டிய உரையாடலைத் திறங்கள். பத்து நாள் திறந்து வையுங்கள். தரக்குறைவாகப் பேசுகிறவர்களை வெளியேற்றுங்கள், நானே அதில் இருந்தாலும் சரி.

இத்தனைக்கும் பிறகு நீக்குவதுதான் முடிவு என்றால், இப்போதைய வெர்ஷனின் கிளையை ஒரு வருடத்துக்காவது மூடாதீர்கள். கம்பைலரின் மெமரிக் காவல் முழுதாக இல்லாத அன்சேஃப் பகுதிகளில் கண்டுபிடிக்கப்படும் மெமரிப் பிழைகளின் திருத்தம் மட்டும் அதற்கு வந்தால் போதும், புதிய வசதி எதுவும் வேண்டாம். பல த்ரெட் பில்டுக்கு எந்த இரண்டு ஹெடர் வேண்டும், எந்தவிதமான ஹோஸ்டிங்கில் அது ஓடாது, ஐஃபிரேமுக்குள் என்ன ஆகும் என்பதை வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியில் எழுதுங்கள். அதைப் படிக்காமல் மேம்படுத்துகிறவர்களின் பக்கங்கள் ஒரே நாளில் வெள்ளையாகிவிடும், அவர்களில் பலருக்கு ஏன் என்று கண்டுபிடிக்கவும் தெரியாது.

ஃபிளாகைத் திரும்பக் கொண்டுவரும் புல் ரெக்வெஸ்ட் தயாராக இருக்கிறது. 11 கோப்புகள், நிபந்தனை வரிகளை எல்லாம் ஒரே மாட்யூலுக்குள் ஒதுக்கியிருக்கிறேன், இப்போது இருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். உரையாடல் திறந்த அன்றே அனுப்புகிறேன். வெளியீட்டுக்கு நீங்கள் குறித்திருக்கும் நாளுக்கு முன்பு, ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் எண்ணாமல் விட்டவர்களில் ஒருவன்